வங்கி பாஸ். நாங்கள்?

இந்தக் கிழமை எபிசோட் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு சர்வரை வேண்டுமென்றே போட்டு அடித்து எப்ப விழும் எண்டு பார்க்கிற லோட் டெஸ்ட் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தோம். முடிகிற நேரத்தில் "வங்கிகளுக்கும் இப்பிடி ஒரு சோதனை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அதுக்குப் பிறகு மூன்று பேர் ஒரே கேள்வியை அனுப்பி இருக்கினம்: "வங்கி எப்பிடி லோட் டெஸ்ட் பண்ணும்? அதால எங்களுக்கு என்ன?"

முதல் கேள்விக்குப் பதில் புத்தகங்களில் இருக்கு. இரண்டாவது கேள்வி எனக்கும் இந்த வருஷம்தான் வந்தது, அதுவும் எங்கட வீட்டுச் சாப்பாட்டு மேசையில. அதனால அங்கேயே தொடங்குகிறேன்.

அப்பா கேட்டது

ஸ்தவாங்கரில் ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கலாம் என்று வங்கிக்குக் கடனுக்கு எழுதிப் போட்டேன். உங்களில் பலர் இதைச் செய்திருப்பீர்கள், மற்றவர்கள் செய்யப் போகிறீர்கள். நோர்வேயில் வீட்டுக்கடனுக்கு அரசு வைத்திருக்கிற விதிகளில் முக்கியமானவை மூன்று. மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தின் 5 மடங்கைத் தாண்டக் கூடாது. வீட்டு விலையில் குறைந்தது 10 சதவீதம் சொந்தக் காசாக இருக்க வேணும் (2024 கடைசி வரைக்கும் இது 15). மூன்றாவது, இன்றைய வட்டி 3 சதவீதப் புள்ளி ஏறினாலும், எப்படியும் குறைந்தது 7 சதவீத வட்டியிலும், உங்களால் கட்ட முடிய வேணும்.

அந்த மூன்றாவது விதி ஒரு குட்டி லோட் டெஸ்ட். உங்கட வீட்டு வரவு செலவை எடுத்து, வட்டியை மட்டும் கூட்டி, விழுதா நிக்குதா எண்டு பார்க்கிறது. நான் நின்றேன். "பாஸ்" என்று அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டார்: "வேலை போனா எண்டு கேட்டவையோ?"

"இல்லை அப்பா, வட்டி ஏறினா எண்டுதான்."

"2015ல வட்டி ஏறேல்ல. இறங்கினது. வேலைதான் போனது."

அதுக்கு மேல அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அண்டைக்கு நித்திரை வரவில்லை. இந்த மடல் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

சீட்டுக் கணக்கில் ஒரு வங்கி

வங்கிச் சோதனை விளங்க வேணுமெண்டா முதலில் வங்கி எப்படி விழும் என்று விளங்க வேணும். அதுக்கு எங்கட ஆட்களின் சீட்டை விட நல்ல உதாரணம் இல்லை.

20 பேர், மாதம் ஆளுக்கு 5,000 குரோணர். ஒவ்வொரு மாதமும் சேருகிற 1 லட்சம் ஒருவருக்குப் போகும். முதலிலேயே சீட்டு எடுத்தவர் ஒருவகையில் கடன்காரர், கடைசி மட்டும் இருக்கிறவர் வைப்பாளர். நடுவில் இருக்கிறது சீட்டுப் பிடிக்கிற அன்ரி. எடுத்தவர் ஒருத்தர் கட்டாமல் விட்டால் அன்ரிதான் தன்ர கையிலிருந்து போட்டுக் கொடுக்க வேணும். இல்லையெண்டா அவவின்ர பெயர் கெட்டுப் போகும்.

அன்ரியிடம் 60,000 சேமிப்பு இருக்கு என்று வையுங்கள். ஒருத்தர் கட்டாமல் விட்டால் மாதம் 5,000 குறையும், 12 மாதம் தாங்கலாம். நாலு பேர் ஒரே மாதத்தில் விட்டால்? மாதம் 20,000. மூன்றே மாதத்தில் கை காலி.

அந்த 60,000ஐ வங்கிப் பாஷையில் மூலதனம் என்பார்கள். பங்குதாரரின் சொந்தக் காசு, நட்டம் வந்தால் முதலில் கரைவது அதுதான். வங்கி கடனாகக் கொடுக்கிற 100 குரோணரில் பெரும்பங்கு வைப்பாளர்களிடமும் சந்தையிலும் வாங்கியது. சொந்தக் காசு 10 குரோணருக்கும் குறைவு. அதனால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை பேர், ஒரே நேரத்தில்?

"ஒரே நேரத்தில்" என்கிற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கட சீட்டில் அந்த நாலு பேரும் ஒரே பட்டறையில் வேலை செய்திருந்தால், அது நாலு பேரின் ரிஸ்க் இல்லை, ஒரு பட்டறையின் ரிஸ்க்.

பரீட்சை எப்படி நடக்குது

கோட் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான அமைப்பு. உள்ளே போவது ஒரு கதை, நடுவில் ஒரு மொடல், வெளியே வருவது ஒரு எண்.

கதையைத்தான் "சூழல்" என்கிறார்கள். "அடுத்த மூன்று வருஷம் பொருளாதாரம் சுருங்கும், வேலையின்மை இவ்வளவு ஏறும், வீட்டு விலை இவ்வளவு விழும்." அமெரிக்க மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டுக் கடும் சூழலில் வேலையின்மை 10 சதவீதத்துக்கு ஏறும், வீட்டு விலை 38 சதவீதம் விழும் என்று எழுதியிருந்தது. இது ஆரூடம் கிடையாது. "இப்பிடி வந்தால் தாங்குவியா?" என்கிற கேள்வி மட்டும்தான்.

மொடல் ஒவ்வொரு கடனைப் பற்றியும் மூன்று விஷயம் கேட்கும். இவர் கட்டாமல் விட எவ்வளவு வாய்ப்பு? விட்டால் அந்த நேரம் எவ்வளவு பாக்கி இருக்கும்? அடகு வைத்த வீட்டையோ கப்பலையோ விற்றால் அதில் எவ்வளவு தேறாமல் போகும்? மூன்றையும் பெருக்கினால் எதிர்பார்க்கிற நட்டம்.

ஒரு சின்னக் கணக்கு. ஆளுக்கு 2 மில்லியன் குரோணராக 1,000 வீட்டுக்கடன். 3 சதவீதம் பேர் விடுகிறார்கள், விட்ட கடனில் ஐந்தில் ஒரு பங்கு தேறவில்லை என்றால் நட்டம் 12 மில்லியன். இப்ப நிலைமை மோசமாகுது: விடுகிறவர்கள் 6 சதவீதம், வீட்டு விலையும் விழுந்ததால் தேறாதது 35 சதவீதம். நட்டம் 42 மில்லியன். இரண்டு எண்ணும் தனித்தனியாக இரண்டு மடங்கு அளவுக்குத்தான் ஏறியது. பெருக்கும்போது மூன்றரை மடங்கு. வேலை போவதும் வீட்டு விலை விழுவதும் சேர்ந்தே வரும் என்பதுதான் வங்கியின் உண்மையான தலையிடி.

கடைசியில் வருகிற எண்: இவ்வளவு நட்டத்துக்குப் பிறகு அன்ரியின்ர கையில் எவ்வளவு மிச்சம்?

இதைப் பொதுவில் பெரிதாகச் செய்துகாட்டியது அமெரிக்கா, 2009ல். நிதி நெருக்கடியின் நடுவில் 19 பெரிய வங்கிகளைச் சோதித்து, மே 7ஆம் தேதி ஒவ்வொரு வங்கியின் முடிவையும் பெயரோடு வெளியிட்டது. 10 வங்கிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 75 பில்லியன் டொலர் போதாமல் இருந்தது. அதைத் தேடு எண்டு சொன்னார்கள், தேடினார்கள். யாரிடம் எவ்வளவு ஓட்டை என்று ஊருக்குத் தெரிந்ததே பாதிப் பயத்தைக் குறைத்தது.

ஐரோப்பாவில் இதை ஐரோப்பிய வங்கி அதிகாரசபை நடத்துகிறது. எங்கட டிஎன்பியும் அதில் உட்காரும். நோர்வேக்குள்ளே மத்திய வங்கியான நோர்கெஸ் பாங்க் தன்ர நிதி நிலைத்தன்மை அறிக்கையில் பெரிய நோர்வே வங்கிகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டி, ஒரு கற்பனை வங்கியாக்கிச் சோதிக்கிறது. அவர்களின் கவலை வங்கி விழுமா என்பதோடு முடிவதில்லை. பயந்துபோன வங்கி கடன் கொடுப்பதை நிப்பாட்டினால் நல்ல கொம்பனியும் மூடும், இன்னும் வேலை போகும், நெருக்கடி தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். அதனால் நல்ல காலத்தில் கூடுதலாக ஒரு தடுப்புப் பணத்தைச் சேர்க்கச் சொல்லி, கெட்ட காலத்தில் அதைத் திறந்து விடுகிறார்கள். 2020 மார்ச் 13ல் கொரோனா வந்து, எண்ணெய் விலையும் விழுந்தபோது அந்தத் தேவையை 2.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறக்கினார்கள். 2023 மார்ச் கடைசியில் திரும்ப 2.5 ஆனது.

பரீட்சை இல்லாத காலம்

இந்த முறை நோர்வேக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும்? ஏனெண்டா ஒருக்கா நல்லாச் சுட்டிருக்கு.

1984, 85ல் கடன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். வங்கிகள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. 1985-86 பனிக்காலத்தில் எண்ணெய் விலை ஒரு பீப்பாய் 30 டொலர் பக்கத்திலிருந்து 10 டொலர் அளவுக்கு விழுந்தது. 1986 மேயில் குரோணரின் பெறுமதியைக் குறைத்தார்கள். வட்டி உச்சியில், வீட்டு விலை கீழே. 1988ல் சுன்மோர்ஸ்பாங்கன் என்கிற வங்கி முதலில் விழுந்தது. பிறகு வடக்கில் சேமிப்பு வங்கிகள். 1991ல் கிறிஸ்டியானியா பாங்க், ஃபோக்குஸ் பாங்க் இரண்டினதும் பங்கு மூலதனம் முழுக்கக் கரைந்தது. கடைசியில் நாட்டின் மூன்று பெரிய வணிக வங்கிகளும், அதாவது டென் நோர்ஷ்கே பாங்கும் சேர்த்து, அரசின் கைக்குப் போயின.

எங்கட அம்மா அப்பாவில் பலர் நோர்வேக்கு வந்த காலமும் இதுதான். மொழி படித்துக்கொண்டு, மீன் தொழிற்சாலையில் நின்றுகொண்டு, "இந்த நாட்டில எல்லாம் உறுதியானது" எண்டு நினைத்த அதே வருஷங்களில் அவர்கள் சம்பளம் போடுகிற வங்கிகள் ஆடிக்கொண்டிருந்தன. டிஎன்பியில் இன்றைக்கும் அரசுக்கு 34 சதவீதப் பங்கு இருக்கிறது. அந்தக் காலத்தின் தழும்பு அது.

கேட்காத கேள்வி

இனி லோட் டெஸ்ட் செய்தவர்களுக்கெல்லாம் தெரிந்த உண்மை. நீங்கள் நினைத்துப் பார்த்த தாக்குதலைச் சர்வர் தாங்கும். நினைத்துப் பார்க்காத ஒன்றில்தான் விழும்.

2011 ஜூலையில் ஐரோப்பாவில் 90 வங்கிகளைச் சோதித்தார்கள். பெல்ஜியம்-பிரான்ஸ் வங்கியான டெக்சியா நல்ல புள்ளியோடு பாஸ். அதே வருஷம் ஒக்டோபரில் அரசுகள் காப்பாற்ற வேண்டி வந்தது. பரீட்சை கடன் நட்டத்தைக் கேட்டது. குறுகிய காலக் கடனில் ஓடுகிற வங்கிக்குச் சந்தை திடீரென்று கடன் தராவிட்டால் என்ன என்று கேட்கவில்லை. ஒரு ஐரோப்பிய அரசு தன்ர கடனை உண்மையாகவே கட்டாமல் விடும் என்பதையும் முழுதாகக் கேட்கவில்லை. "அரசு கட்டாமல் விடுமா?" என்று சிரிக்கிறவர்கள் 2022 ஏப்ரல் 12ஐ நினைத்துப் பாருங்கள். இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிப்பாட்டிய நாள் அது.

எங்கட துறைக்குக் கிட்டின கதை சிலிக்கன் வேலி பாங்க். ஸ்டார்ட்அப்புகளின் வங்கி. வைப்புப் பணத்தைப் பெரும்பாலும் நீண்டகால அமெரிக்கப் பத்திரங்களில் போட்டு வைத்தது. கட்டாமல் விடுகிற ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை இறங்கும். அந்த வங்கி மத்திய வங்கியின் பரீட்சைக்கு அதுவரை உட்காரவே இல்லை. உட்கார்ந்திருந்தாலும் பெரிசா உதவியிருக்காது: 2022ஆம் ஆண்டின் கடும் சூழலில் குறுகிய கால வட்டி பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும் என்றே எழுதியிருந்தது. உண்மையில் வட்டி ஏறியது, வேகமாக. 2023 மார்ச் 9ஆம் தேதி ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 42 பில்லியன் டொலரை எடுக்கப் பார்த்தார்கள். அடுத்த நாள் வங்கி மூடியாச்சு. 2008ல் வொஷிங்டன் மியூச்சுவல் விழுந்தபோது 16.7 பில்லியன் வெளியேறப் பத்து நாள் அளவு எடுத்தது. இந்த முறை வாசலில் வரிசை தேவைப்படவில்லை. குரூப் சட்டும் போனும் போதும்.

(நோர்வேயில் ஒருவருக்கு, ஒரு வங்கியில், 2 மில்லியன் குரோணர் வரைக்கும் வைப்புக்கு உத்தரவாதம் இருக்கு. அதனால நாளைக்கே ஓட வேண்டாம்.)

ஸ்தவாங்கருக்கு வந்த உண்மைப் பரீட்சை

2014 ஜூனில் எண்ணெய் பீப்பாய் ஏறத்தாழ 115 டொலர். 2016 ஜனவரியில் 30க்கும் கீழே. கற்பனைச் சூழல் எழுதுகிறவர்கள் கூட இவ்வளவு தைரியமாக எழுதமாட்டார்கள்.

ரூகலான்டில் வேலையில்லாதவர் வீதம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. எண்ணெய் மேடைகளுக்குச் சாமான் ஏற்றுகிற கப்பல்கள் வேலையில்லாமல் ஃபியோர்டுகளில் கட்டிக் கிடந்தன. 2016ல் ஒஸ்லோவில் வீட்டு விலை ஒரே வருஷத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதே நாடு, அதே வட்டி, ஸ்தவாங்கரில் விலை 2013இன் உச்சத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

ஊரின் பெரிய வங்கி அப்ப ஸ்பாரேபாங்க் 1 எஸ்ஆர்-பாங்க். 1976ல் ரூகலான்டின் சின்னச் சேமிப்பு வங்கிகள் சேர்ந்து உருவானது. பியெர்க்ஸ்டெட்டில் அந்த அழகான மரக் கட்டடம் இருக்கே, அவர்கள்தான். கப்பலுக்கும் எண்ணெய்ச் சேவைக் கொம்பனிகளுக்கும் கடன் கொடுத்திருந்த வங்கி. நட்டத்துக்கென்று நூற்றுக்கணக்கான மில்லியன் குரோணர் ஒதுக்க வேண்டி வந்தது. ஆனாலும் அந்த வருஷங்களை லாபத்தோடேயே முடித்தது. மூலதனத்தை முன்கூட்டியே கூட்டி வைத்திருந்தார்கள், வீட்டுக்கடன்காரர் பெரும்பாலும் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 2024 ஒக்டோபரில் இன்னொரு வங்கியோடு இணைந்து ஸ்பாரேபாங்க் 1 சோர்-நோர்கே ஆனது. இப்ப அதன் கடன்கள் தெற்கு நோர்வே முழுக்கப் பரவியிருக்கு. ஒரு ஊரின் எண்ணெயில் தொங்குவது குறைந்தது.

நல்லது. வங்கி பாஸ். இனி எங்கட வீட்டுக்கு வாங்கோ.

அப்பா தனாங்கர் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். 2015 இலையுதிர் காலத்தில் முதலில் பெர்மிட்டேர்ட், அடுத்த வருஷம் வேலை நீக்கம். வீடு வாங்கினது 2013ல், விலை உச்சியில் இருந்த நேரம். நோர்கெஸ் பாங்க் வட்டியை 2016 மார்ச்சில் 0.5 சதவீதத்துக்கு இறக்கினது, அது எங்களுக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் வருமானம் பாதியாகிப் போனால் மலிவு வட்டியும் வட்டிதான். வேலை தேடி வேற ஊருக்குப் போகலாம் எண்டா வீட்டை நட்டத்துக்கு விற்க வேணும், விற்றாலும் கடன் மிஞ்சும். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலையைக் கூட்டினா. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் யார் எப்ப வீட்டில என்று ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். எனக்கு அப்ப 16. அம்மாவை அந்தப் பனிக்காலத்தில் நான் பார்த்ததை விட அந்த அட்டவணையைப் பார்த்ததுதான் கூட.

அந்த வருஷம்தான் அன்ரியின்ர சீட்டும் உடைஞ்சது. கட்டாமல் விட்ட நாலு பேரும் கெட்டவர்கள் இல்லை. நாலு பேரும் ஒரே பட்டறை. அதில் ஒருத்தர் எங்கட அப்பா. அன்ரியிடம் கடைசிக் காசை 2018ல்தான் கொடுத்து முடித்தார். இன்றைக்கும் கோயிலில் அவவைக் கண்டால் அவர் முதலில் எழும்பி நிற்பார்.

ஒரே எண்ணெய் விலைதான் வேலையைப் பறித்தது, வீட்டு விலையை இறக்கியது, சீட்டை உடைத்தது. வங்கியிடம் இதே ஆபத்து இருந்தது. அது ஆயிரக்கணக்கான கடன்களில் பரவியிருந்தது, பிறகு இன்னும் பல ஊர்களுக்குப் பரப்பியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலை, ஒரு வீடு, ஒரு ஊர். பரப்ப ஒன்றும் இல்லை.

உங்கட வீட்டுக்கு ஒரு சோதனை

அப்பாவின் கேள்விக்குப் பிறகு நான் ஒரு ஸ்பிரெட்ஷீட் திறந்தேன். நீங்களும் செய்யலாம், அரை மணித்தியாலம் போதும். என்ர எண்களைக் கொஞ்சம் மாற்றி, வட்டமாக்கித் தருகிறேன்.

ஃப்ளாட் 3.3 மில்லியன். சொந்தக் காசு 10 சதவீதம், கடன் 2.97 மில்லியன். ஆண்டு வருமானம் 650,000. வட்டி 5.5 சதவீதம் எண்டா மாதம் 13,600 அளவு வட்டிக்கே போகும், முதல் வேற.

முதலாவது கேள்வி, சட்டம் கேட்கிறது: வட்டி 8.5 ஆனால்? மாதம் ஏறத்தாழ 21,000. 7,400 கூட. (வட்டியில் 22 சதவீதம் வரியில் திரும்ப வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.) இந்தக் கேள்வியைச் சும்மா நினைக்காதீர்கள். 2021 செப்டம்பரில் பூச்சியத்தில் இருந்த நோர்கெஸ் பாங்க் வட்டி 2023 டிசம்பரில் 4.5 ஆனது. அந்த இரண்டு வருஷம் கடன்காரரைக் காப்பாற்றியது இந்த விதிதான்.

இரண்டாவது கேள்வி, அப்பா கேட்டது: வேலை போனால்? டாக்பெங்கர் வருமானத்தின் 62.4 சதவீதம் அளவு, அதுக்கும் ஒரு மேல் எல்லை இருக்கு. என்ர கணக்கில் மாதம் 54,000 என்பது 33,800 ஆகும், இரண்டுமே வரிக்கு முன்னம். வட்டி, முதல், கட்டடத்தின் பொதுச் செலவு, சாப்பாடு, கையில் எத்தனை மாதம் தாங்கும்?

மூன்றாவது: அந்த நேரமே வீட்டு விலை 15 சதவீதம் இறங்கினால்? 3.3 மில்லியன் 2.8 ஆகும். கடன் 2.97. விற்றுவிட்டு ஒஸ்லோவுக்குப் போய் வேலை தேடலாம் என்கிற கதவு மூடியாச்சு.

இந்த மூன்றாவதைத் தனியாகப் போடாதீர்கள். இரண்டாவதோடு சேர்த்துப் போடுங்கள். 12 மில்லியன் 42 ஆனது சேர்ந்து வந்ததால்தான்.

நாலாவது கேள்விதான் எனக்கு உறைத்தது: என்ர வேலையும் என்ர வீடும் ஒரே கயிற்றில தொங்குதா? நான் சொஃப்ட்வேர். எண்ணெய்க்கும் எனக்கும் என்ன, எண்டுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டு இருந்தேன். அப்பாவின் தலைமுறை வெல்டிங், நாங்கள் லப்டொப். பிறகு எங்கட கொம்பனியின் வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்தேன். பெரிய மூன்று பேரும் எண்ணெய்க் கொம்பனிகள். பத்து வருஷம் படித்து, அப்பா நின்ற அதே கயிற்றின் மேல் நுனியில் நான் நிற்கிறேன்.

இது ஸ்தவாங்கருக்கு மட்டும் இல்லை. ஒஸ்லோவில் ஒரே ஸ்டார்ட்அப்பில் சம்பளமும் பங்கும் வைத்திருக்கிறவர்கள், கணவன் மனைவி இருவரும் ஒரே கொம்பனியில் வேலை செய்கிறவர்கள், அண்ணனின் கடனுக்குப் பிணை நின்று அதே அண்ணனின் கடையில் வேலை செய்கிறவர்கள், எல்லோரும் பாருங்கள். எங்கட சமூகத்தில் ஒருவருக்கு ஒருவர் வேலை எடுத்துக் கொடுப்போம். அது எங்கட பலம். அதனாலேயே ஒரே இடத்தில் எல்லோரும் நிற்கிறோம் என்பதையும் தெரிஞ்சு வைத்திருக்க வேணும்.

நான் என்ன செய்தேன்

வீடு வாங்காமல் விடவில்லை. வாடகையும் சும்மா போகுதுதானே. வங்கி தரலாம் என்று சொன்ன எல்லையிலிருந்து அரை மில்லியன் கீழே நின்றுகொண்டேன். ஒரு அறை குறைந்தது. கைக்காசு முழுவதையும் முதலாகப் போடாமல், ஆறு மாதச் செலவை வேறு கணக்கில் வைத்தேன். அதுதான் என்ர தடுப்புப் பணம், நல்ல காலத்தில் சேர்க்கிறது. வேலையில் எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு புரொஜெக்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

ஸ்பிரெட்ஷீட்டை அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் பார்த்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "இதில அம்மாவின்ர இரவு வேலை எங்க?"

அந்த வரியை நான் போடவே இல்லை. 2015ல் எங்கட வீடு தாங்கினது அம்மாவால. எங்கட வீட்டின் மூலதனம் அவதான், எந்த மொடலிலும் இல்லாத மூலதனம். என்ர கணக்கில் அப்படி ஒருத்தர் இல்லை. அதனால் ஆறு மாதத்தை எட்டு மாதமாக்கினேன்.

*

இந்தக் கிழமை உங்களுக்கு வேலை: மேலே உள்ள நாலு கேள்வியையும் உங்கட எண்களில் போட்டுப் பாருங்கள். வாடகைக்கு இருக்கிறவர்களும்தான், கடனுக்குப் பதில் வாடகையைப் போடுங்கள். எண்களை எனக்கு அனுப்ப வேண்டாம். "என்ர கயிறு இதுதான்" என்று ஒரு வரி மட்டும் இந்த மடலுக்குப் பதிலாக எழுதினால், பெயர் சொல்லாமல் அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.

அடுத்த முறை: வங்கி அப் இரண்டு மணித்தியாலம் வேலை செய்யாவிட்டால் ஒரு ஊரில் என்ன நடக்கும்? அதுக்கிடையில் ஒருக்கா வீட்டுக்குப் போன் பண்ணி, 2015ல் எப்பிடிச் சமாளிச்சனீங்கள் என்று கேளுங்கள்.